வலிக்கும் இடம் மெஷ்ஷுக்குத் தெரியாது

கம்பெனியில் கையேடு எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். தமிழில் எழுத விட்டால் தருகிறேன் என்றேன். உங்களில் பாதிப் பேர் இங்கே மும்பையில், தாராவியிலும் செம்பூரிலும் பிறந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். கஷ்டமாக இருந்தால் போனை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தாலும் நீங்களே மனதுக்குள் திருத்திப் புரிந்துகொள்வீர்கள். அந்தத் திருத்திப் புரிந்துகொள்ளும் பழக்கத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்து, கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தவள். விக்ரோலியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதுவதுதான் கடைசிவரை என் வேலை. எங்கள் சரக்கு ஒரே ஒரு கருவி. மெஷ் திருத்துவது. ஒரு பொருளின் உருவத்தைக் கணினிக்குள் வைக்க வேண்டுமென்றால் அதன் மேல்தோலைக் குட்டிக் குட்டி முக்கோணங்களாக்கி ஒட்டி வைப்பார்கள். அந்தத் தோலுக்குப் பெயர்தான் மெஷ். ஸ்கேன் செய்து வருகிற மெஷ் பெரும்பாலும் கந்தலாக இருக்கும். ஓட்டை இருக்கும், பிசிறு இருக்கும், ஸ்கேனர் ஆடியதால் வந்த மேடுபள்ளம் இருக்கும். எங்கள் கருவி ஓட்டையை அடைக்கும், பிசிறை வெட்டும், மேட்டைச் சீராக்கும். இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மேலதிகாரி வாய்த்தார். பெயர் வேண்டாம், எழுதினால் கோபித்துக்கொள்வார். நான் எழுதிக் கொடுக்கும் பக்கத்தில் ‘பொதுவாக’, ‘ஒருவேளை’, ‘தேவைப்பட்டால்’ என்று எங்கே பார்த்தாலும் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். படிக்கிறவன் கை நிறைய வேலையை வைத்துக்கொண்டு அரைக் கண்ணால் படிக்கிறான், அவனிடம் போய் உன் சந்தேகத்தை இறக்கி வைக்காதே என்பது அவர் கட்சி. சந்தேகமெல்லாம் எழுதுகிறவளோடு நின்றுவிட வேண்டும், பக்கத்தில் கட்டளை மட்டும் இருக்க வேண்டும். நான் சில மாதம் கழிவறையில் போய் அழுதேன். பிறகு அவரைவிடக் கெடுபிடியானேன். என்னிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கெடுபிடியால் எங்கள் கையேட்டுக்கு நல்ல பெயர் இருந்தது. சின்னச் சின்ன வாக்கியம். அடை, வெட்டு, சீராக்கு, சேமி. ஆங்கிலத்தில் எழுதியது, இங்கே தமிழில் சொல்கிறேன். கடைசிப் பகுதியில் ஒரு வரி வரும்: ‘முடிக்கும் முன் மேடுபள்ளங்களைச் சீராக்கவும்.’ வருடக்கணக்காக எத்தனையோ பேர் அதைப் படித்து வேலை செய்தார்கள். ஒருவர்கூட அதனால் கெட்டுப்போனதாகச் சொன்னதில்லை.

பிறகு ஏஜென்ட் வந்தது. மும்பையில் ஏஜென்ட் என்றால் அதுவரை எனக்கு, அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நமக்குப் பதில் படிவம் நிரப்பித் தருகிற ஆள்தான். இதுவும் ஏறக்குறைய அதே வேலைதான் செய்தது. வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று சாதாரணப் பேச்சில் சொன்னால் போதும். செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் எங்கள் கையேட்டைப் படித்து, எந்தக் கட்டளையை எந்த வரிசையில் கொடுப்பது என்று தானே முடிவு செய்து, எங்கள் கருவியை ஓட்டி முடித்துக் கொடுத்துவிடும். ஆக, என் கையேட்டுக்கு ஒரு புது வாசகர் கிடைத்தார். அவருக்குத் திரை கிடையாது, கண் கிடையாது. எண்களும் என் வாக்கியங்களும்தான் அவருக்கு உலகம்.

எங்கள் குழுத் தலைவன் ரோஹித். என் பையனைவிடச் சின்னவன், கெட்டிக்காரன், எதற்கும் குரலை உயர்த்தாதவன். பழைய கையேட்டையே ஏஜென்ட்டிடம் கொடுத்துப் பார்ப்போம் என்றான். கொடுத்தோம். சொன்னபடி கேட்டது. தயங்காத, குழம்பாத வாக்கியங்கள் என்பதால் இயந்திரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை விட்டுப் போகும் நேரத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

நடுவில் ஒரு நாள் யாரோ ஒரு பித்தளைச் சொம்பை ஸ்கேன் செய்து கொடுத்தார்கள். ஏஜென்ட் சொம்பின் வாயை அடைத்துவிட்டது. ஓட்டைகளை அடைக்கவும் என்று நாங்கள்தானே சொல்லியிருந்தோம். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது, ரோஹித் அந்தப் படத்தைத் தன் மேஜைக்குப் பின்னால் ஒட்டி வைத்தான். இந்த அளவுக்கு மேல் பெரிய ஓட்டையை அடைக்காதே என்று ஒரு வரி சேர்த்தோம், விஷயம் முடிந்தது. சிரிப்பு வந்தால் அதோடு விட்டுவிடுவது மனித சுபாவம். நீங்கள் விடாதீர்கள். சொம்பின் வாய் எங்களிடம் ஏதோ சொல்ல வந்தது, நாங்கள் அளவு ஒன்றைப் போட்டு அதன் வாயையும் அடைத்தோம்.

சோதனைக்காக ஏஜென்ட்டை வாங்கி ஓட்டிய சிலரில் ஒருவர் செல்வின். சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் செயற்கைக் கால் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். தாராவியில் வளர்ந்தவர், இதற்கென்றே டிப்ளமோ படித்தவர், தன் வேலையைப் பற்றிக் கொஞ்சமும் அடக்கமில்லாதவர். இந்த ஊரில் என்னைப் போல் சாக்கெட் செய்ய ஆள் கிடையாது என்று அறிமுகமான அன்றே சொன்னார். சாக்கெட் என்பது செயற்கைக் காலின் மேல்பகுதி. வெட்டுப்பட்டு மிச்சமிருக்கும் காலை அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும்.

மிச்சக் காலில் எல்லா இடமும் பாரம் தாங்காது. எலும்பு முட்டி நிற்கும் இடங்களில் சாக்கெட் உராய்ந்தால் புண்தான். அதனால் செல்வின் போன்றவர்கள் மிச்சக் காலைப் போலவே வார்த்தெடுத்த அச்சில் அந்த இடங்களில் கொஞ்சம் கூட்டி மேடு வைப்பார்கள். அச்சில் மேடு இருந்தால் அதன்மேல் செய்யும் சாக்கெட்டில் அந்த இடத்தில் இடைவெளி கிடைக்கும், எலும்பு தப்பிக்கும். பிளாஸ்டரில் வேலை செய்த காலத்தில் முதலில் மேடு வைப்பார்கள், கடைசியில் முழு அச்சையும் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். தேய்க்கிற கை மேட்டின்மேல் தானாகவே லேசாகிவிடும். கணினிக்கு மாறிய பிறகும் செல்வின் அந்த வரிசையை மாற்றவில்லை. ஸ்கேனில் தன் கையால் மேடுகளை வைத்தார். பிறகு, கடைசித் தேய்ப்புக்கு ஏஜென்ட்டிடம் கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. செல்வின்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மேடம், உங்க ஏஜென்ட் என் வேலையத் தொடச்சுப் போட்டிருச்சு. பேஷண்ட் இங்கதான் உக்காந்திருக்காங்க. போன்ல ஸாரி சொல்ல வேண்டாம், வந்து பாருங்க.”

போனேன். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் ரயில் பிடித்து, வீட்டுக்குப் போகும் திசைக்கு எதிர்த் திசையில் சுனாபட்டி. பட்டறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பெயர் இசக்கியம்மா. தாராவியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயா. பல வருடத்துக்கு முன் கூட்டமான லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். அன்றிலிருந்து போட்டிருந்த செயற்கைக் கால் கோடை விடுமுறைக்கு முன் விரிசல் விட்டுவிட்டது. அதன் பிறகு ஊன்றுகோல்தான். புதுக் கால் செய்து, முதல்முறை போட்டுப் பார்த்த அன்றே முழங்காலின் வெளிப்பக்கம் தோல் கன்றிச் சிவந்துவிட்டது.

நான் யாரென்று செல்வின் சொன்னதும் இசக்கியம்மாவே பேச்சை ஆரம்பித்தார்.

“எம்மா, பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. கம்ப ஊனிக்கிட்டு வந்தா பிள்ளையள எப்படித் தூக்குவன்னு டீச்சர் கேக்காவ. அவிய கேக்கதும் நியாயந்தான? கக்கூஸு மாடியில இருக்கு. தொறக்க அன்னைக்கு நான் சொந்தமா நிக்கலன்னா வேற ஆளு போட்டுருவாவ.”

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செல்வின் இரண்டு மெஷ்ஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் எலும்பு முட்டும் இடத்தில் மேடு இருந்தது. ஏஜென்ட் முடித்துக் கொடுத்ததில் இல்லை. வழவழவென்று, பார்க்க அழகாக இருந்தது. எங்கள் சோதனைகள் எல்லாவற்றிலும் அது பாஸ். ஓட்டை இல்லை, பிசிறு இல்லை, குறுக்கே வெட்டிக்கொள்ளும் முக்கோணம் இல்லை. ஏஜென்ட் தான் செய்ததற்கெல்லாம் காரணம் எழுதி வைக்கும். அதில் இருந்தது: கையேட்டின்படி, முடிக்கும் முன் மேடுபள்ளங்கள் சீராக்கப்பட்டன. என் வாக்கியத்தையே எடுத்து என் முன்னால் வைத்திருந்தது.

யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் வந்தது. அந்த வரியில் பிழை இல்லை. செல்வின் வரிசையில் பிழை இல்லை. இயந்திரம் சொன்னதைத்தான் செய்தது. திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்து ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் அந்த வரியைப் படித்தவர்கள் யாரும் அதை அப்படியே செய்யவில்லை. திரையைப் பார்த்தார்கள், இது நான் வைத்த மேடு என்று தெரிந்துகொண்டார்கள், அதை விட்டுவிட்டு மற்றதைச் சீராக்கினார்கள். எங்கள் கையேட்டை ஒவ்வொருவரும் படிக்கும்போதே சத்தமில்லாமல் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல பெயரை மட்டும் நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் ரோஹித்தும் நானும் உட்கார்ந்து, எல்லோரும் முதலில் செய்வதைச் செய்தோம். ஒவ்வொரு கட்டளைக்குக் கீழும் ‘சந்தேகம் இருந்தால் பயனரிடம் கேள்’ என்று சேர்த்தோம். செல்வினை மறுபடி ஓட்டச் சொன்னோம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற ரயிலில், ஏஜென்ட்டும் அவரும் பேசிக்கொண்டதை அனுப்பச் சொல்லிப் படித்தேன். கண் இல்லாதவருக்கு எல்லாமே சந்தேகம்தான் என்பது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லையோ தெரியாது. இந்தப் பிசிறை வெட்டலாமா, இந்த முக்கோணத்தை நீக்கலாமா, இந்தச் சின்ன ஓட்டையை அடைக்கலாமா என்று கேட்டுத் துளைத்திருந்தது. செல்வின் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டிருந்தார். கிட்டத்தட்ட கடைசியில் இருந்தது அந்தக் கேள்வி: வெளிப்பக்கம் ஒரு மேடான பகுதி உள்ளது, சீராக்கலாமா? அதற்கும் ஆமாம்.

குர்லா பிளாட்பாரத்தில் இறங்கி நின்று போன் செய்தேன். சாக்கெட்டை 3D பிரிண்டரில் போட்டாயிற்றா என்று கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். நிறுத்துங்கள் என்றேன். பொருள் வீணாகும் என்று சத்தம் போட்டார். கடைசியில் உள்ள கேள்வியைப் படியுங்கள் என்றேன். படித்திருப்பார் போலிருக்கிறது, பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சத்தம் நின்றது.

“நாந்தான் ஆமான்னு சொல்லியிருக்கேன்,” என்றார். “வேற ஒரு பேஷண்ட் வேல, கை ஃபுல்லா பிளாஸ்டர் மேடம். முழங்கையால அழுத்திக்கிட்டே இருந்தேன். எதப் படிச்சேன், எதப் படிக்கலன்னு எனக்கே தெரியல.”

கேள்வி கேட்பதே பாதுகாப்பு என்று உங்களிடம் சொல்கிறவர்கள் வருவார்கள். இந்த முழங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அற்பக் கேள்விகள் பத்துக்குப் பதில் சொன்னவன் பதினோராவதைப் படிக்க மாட்டான். அவன் சோம்பேறி என்பதால் அல்ல, அவனுக்கு வேலை இருப்பதால். என் பழைய மேலதிகாரி இதைத்தான் சொன்னார். சந்தேகத்தை அப்படியே படிக்கிறவன் தலையில் இறக்கினால் அவன் அதைச் சுமக்க மாட்டான், கீழே போட்டுவிடுவான். அவர் சொன்னதும் சரிதான், அவர் சொன்னபடி எழுதியதால் ஒரு காலில் தோல் கன்றியதும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவில் என்ன எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இதற்குள் வேறு நெருக்கடி. கார் உதிரிப் பாகம் செய்யும் ஒரு பெரிய கம்பெனி ஏஜென்ட்டுக்காகக் காத்திருந்தது. அந்த வார முடிவுக்குள் கையேடு வெளியாக வேண்டும், அதற்கு என் ஒப்புதல் வேண்டும். ரோஹித் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான். உடம்பில் அணியும் பொருட்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி போட்டுவிடலாம். எல்லா மென்பொருளிலும் இருக்கிற வரிதான். எழுத ஐந்து நிமிடம் ஆகாது, எந்த வக்கீலும் குறை சொல்ல மாட்டார்.

பொய்யான வரி என்றால் மறுப்பது சுலபம். அது உண்மையான வரி. ஓய்வுக்கு நெருங்கிய எனக்கு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைசூர்பாகு வாங்கப் போய்விடலாம் என்று ஆசையும் இருந்தது. ஆனால் அந்த வரியை யார் படிப்பார்கள் என்று யோசித்தேன். செல்வின் படிக்கப்போவதில்லை. ஏஜென்ட் படிக்கும். படித்துவிட்டு, மன்னிக்கவும், இந்த வேலையைச் செய்ய எனக்கு அனுமதி இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடும். பள்ளிக்கூடம் திறக்கும். நாங்கள் தப்பித்துக்கொள்வோம்.

ரோஹித்திடம் ஹிந்தியில் இதைத்தான் சொன்னேன். அந்த வரி நம்மைக் காப்பாற்றும், அந்த அம்மாவை ஊன்றுகோலுக்கு அனுப்பிவிடும். ஏஜென்ட்டுக்கு மேடு தெரியவில்லை என்பதுதான் கோளாறு, அது காலாக இருந்தால் என்ன, காராக இருந்தால் என்ன. ரோஹித் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து ஏதோ திறந்து பார்த்தான். அரைமணி கழித்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கார் கம்பெனிக்காக நாங்கள் ஓட்டிப் பார்த்த சோதனை மெஷ்தான். பாகத்தின் பக்கவாட்டில் அதன் எண் புடைப்பாக இருக்க வேண்டும். ஏஜென்ட் அதையும் அழகாகத் தேய்த்து எடுத்திருந்தது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று கேட்டான். கார் கம்பெனியிடம் அவனே பேசிக்கொண்டான். அந்தப் பையனை நீங்கள் யாராவது சந்தித்தால் என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதித்தான் பழக்கம். இப்போது கருவிக்கு என்ன தெரியாது என்பதை எழுத வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அந்தச் சிவப்புப் பேனா வந்து நின்றது. எழுதி, அடித்து, மறுபடி எழுதிக் கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

‘ஒரு மேடு ஸ்கேனில் வந்த பிழையா, யாரோ வேண்டுமென்று வைத்ததா என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது. மெஷ்ஷைப் பார்த்து உன்னாலும் சொல்ல முடியாது. ஆகவே சீராக்கத் தொடங்கும் முன் ஒரு முறை மட்டும் கேள்: இந்த உருவம் எதற்கு, இதில் தொடக் கூடாத இடங்கள் எவை? பதில் வரும்வரை சீராக்காதே. அந்த இடங்களைத் தவிர்த்து மற்றவற்றில் ஓட்டை, பிசிறு பற்றியெல்லாம் கேட்டுத் தொந்தரவு செய்யாதே, செய்துவிட்டுச் சொல்.’

மற்ற எல்லாச் ‘சந்தேகம் இருந்தால் கேள்’களையும் அழித்தேன். அழித்தபோது என் பழைய மேலதிகாரி முதல்முறையாகத் தலையாட்டியதாகத் தோன்றியது.

மூன்றாம் முறை ஓட்டும்போது நானும் பட்டறைக்குப் போனேன். கன்றிய இடம் ஆறிவிட்டதா என்று பார்த்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்ததால் இசக்கியம்மாவும் வந்திருந்தார். செல்வின் மேட்டை வைத்து முடித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஏஜென்ட்டை ஓட்டினார். திரையில் அந்த ஒரே கேள்வி வந்து நின்றது. செல்வின் பதில் அடிக்கத் தொடங்கியபோது பெஞ்சிலிருந்து இசக்கியம்மா, அது என்ன தம்பி கேக்குது என்றார். செல்வின் தமிழில் சொன்னார். தொடக் கூடாத இடம் எதுன்னு கேக்குதுக்கா.

இசக்கியம்மா புடவையைக் கொஞ்சம் நகர்த்தி, கன்றிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். அதுதான் போட்டாச்சே என்று செல்வின் திரும்பிக்கொண்டார். இசக்கியம்மா விரலை எடுக்கவில்லை. அதைக் கீழே நகர்த்தி, மிச்சக் காலின் நுனியில் முன்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

“இங்கனயும்.”

அங்கே ஒன்றுமில்லை என்றார் செல்வின். தோல் நன்றாக இருக்கிறது, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை, பழைய கால் போட்டிருந்தபோதுகூட அங்கே தழும்பு விழவில்லையே. தன் வேலையில் குறை கண்டதாக நினைத்தாரோ என்னவோ, குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு எழுந்து வந்து குனிந்து கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினார். இசக்கியம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“முன்ன உள்ள காலுலயும் இங்கன குத்தும் தம்பி. ஏறி எறங்கும்போ உயிரு போவும். காலுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

“இத்தன வருசமாவா? ஏங்க்கா சொல்லல?”

“யாரு கேட்டா?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சுவரில் தொங்கிய கால்களைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன். செல்வின் மறுபடி உட்கார்ந்து, அந்த இடத்திலும் மேடு வைத்தார். ஒரு முறை வைத்து, அவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிக் கேட்டு, கொஞ்சம் பெரிதாக்கினார். பிறகு கேள்விக்கு இரண்டு இடங்களையும் பதிலாகக் கொடுத்தார். ஏஜென்ட் இரண்டையும் தொடவில்லை. மற்றதையெல்லாம் எதுவும் கேட்காமல் சுத்தம் செய்து கொடுத்தது.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து கேள்வியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். ‘இந்த உருவத்தை அணியப்போகிறவர் அருகில் இருந்தால், பதிலை அவரிடம் கேட்டுச் சொல்லும்படி பயனரிடம் சொல்.’ ரோஹித் படித்துவிட்டு, ஏஜென்ட்டுக்கு அறையில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்றான். தெரியாது, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன் என்றேன். அவன் அதை விட்டுவிட்டான். இப்போதும் கையேட்டில் அது இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். நீங்கள் அதை மாற்றும் காலம் வரலாம். சுருக்க வேண்டும் என்று தோன்றினால் வேறு எதையாவது சுருக்குங்கள்.

சாக்கெட் தயாரானதும் இசக்கியம்மா போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார், வந்தார், பிறகு பிடிக்காமல் போனார். நல்லா இருக்கா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். நாள் முழுக்க நின்று பார்த்தால்தான் தெரியும் என்று நினைத்திருப்பார். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நல்ல மழை. நான் போனை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன், சரியாகச் சொன்னால் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன். நம் தொழிலில் எல்லாம் சரியாக நடந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மத்தியானத்துக்கு மேல் இருப்புக்கொள்ளவில்லை. செல்வினுக்குப் போன் செய்தேன், அவருக்கும் தகவல் இல்லை. ஆபீஸ் விட்டுக் கிளம்பும்போதுதான் அழைப்பு வந்தது.

“எம்மா, இசக்கி பேசுதேன்.”

சொல்லுங்க, கால் எப்படி இருக்கு என்றேன்.

“காலு வலிக்கும்மா.”

எந்த இடத்தில், வெளிப்பக்கமா, நுனியிலா என்று கேட்டேன்.

“அய்ய, அந்தக் காலு இல்லம்மா. அது பாட்டுக்கு இருக்கு. என் சொந்தக் காலுதான் விண்ணு விண்ணுன்னு வலிக்கி. காலையில இருந்து பிள்ளையளத் தூக்கிக்கிட்டு மாடிக்கும் கீழயுமா ஏறி எறங்கினேம்லா. உக்காரவே நேரமில்ல. இதுக்கு உங்க மிஷின்ல ஏதும் இருக்கா?”

அதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வையுங்கள் என்றேன். சரிம்மா என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.